ஆர்.எச். லைன் கேக்

எழுந்ததும் மோட்டார் போடுவேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் அணைப்பேன். படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பேன். பாதிப் பால் டீக்கு. மீதி ஃப்ரிட்ஜுக்குப் போகும், பிறகு திரிந்துபோகும், கொட்டுவேன். சின்ன பாக்கெட்டாகப் போடச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். பால்காரர் வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். டீ குடித்த பிறகு யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவேன். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் காலை என்பது இவ்வளவுதான்.

பென்னலூரில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் முனியம்மாள், அவர் மகன் சிவசங்கர், மருமகள் சுபஸ்ரீ. சுபஸ்ரீ வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். பிறந்தநாள், காதுகுத்து, கட்சிக்காரர்களின் தலைவர் பிறந்தநாள், எதற்கும். கேட்டால் கூடவே போண்டா, சுண்டல், கேசரி என்று தட்டும் போட்டுத் தருவாள். அந்தப் பகுதி முனியம்மாளுடையது.

அந்த வெள்ளிக்கிழமை நான் சட்டையைக் கொடியில் போட்டபோது கீழே சண்டை நடந்துகொண்டிருந்தது. கருவாட்டுக்காக.

"அத்த, கேக்கு ஓவன்ல கீது. இப்ப கருவாட எடுக்காதீங்க."

"நா வெளியதான்டி வறுக்கறேன்."

"வெளிய வறுத்தாலும் ஜன்னல் வழியா உள்ள வருது. கிரீமு எல்லா வாசனையும் இஸ்துக்கும்."

"எம் புள்ள நைட்டு ஷிப்டு முடிச்சிட்டு வந்து படுத்துனு கீறான். எழுந்து பழைய சோத்துக்கு இன்னாத்த தொட்டுக்குவான்? உன் கிரீமயா?"

"ஊறுகா."

முனியம்மாள் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். "கேட்டியா தம்பி. சம்பாரிக்கிற புள்ளைக்கு ஊறுகாயாம்."

"ரெண்டு பேரும் சம்பாரிக்கிறாங்க" என்றேன்.

"நீ இன்னா, அவ கச்சியா? கேக்கோட மேல்தோல டப்பால போட்டு அனுப்பறா இல்ல, அதான் பேசற."

அது உண்மைதான். கேக்கின் மேல்பாகம் உப்பிக்கொண்டு வரும். மட்டமாக்க அதைச் சீவி எடுப்பாள். முன்பெல்லாம் அந்தச் சீவலை அவளும் என் மனைவி கவிப்பிரியாவும் படிக்கட்டில் உட்கார்ந்து தின்று தீர்ப்பார்கள். கவிப்பிரியா போனபிறகு அது ஒரு எவர்சில்வர் டப்பாவில் மாடிக்கு வருகிறது. நான் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொடுக்கிறேன்.

கேக் வீட்டைவிட்டுப் போகும்வரை கருவாடு கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். முனியம்மாள் பொட்டலத்தை முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். பூனை வந்து அடியில் உட்கார்ந்தது.

அன்றைய கேக் சாதாரணமானதல்ல. வல்லம் வடகாலில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கானது. கார்களுக்கு முன்விளக்கு செய்கிறோம். வலது விளக்குக்கு ஒரு லைன், இடதுக்கு ஒரு லைன். ஆர்.எச்., எல்.எச். என்போம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வால் மட்டும் எதிரெதிர்ப் பக்கம் போகும். வலதுக்கான பெட்டியில் ஓர் இடது போய்விட்டால் போதும், கார் கம்பெனியிலிருந்து ஆள் வந்து எல்லோரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பான். ஆர்.எச். லைனிலிருந்து ஒரு வருடமாக ஒன்றுகூட அப்படி மாறிப் போகவில்லை. எதிர் லைனிலிருந்து சித்திரையில் ஒன்று போய்விட்டது. அதனால் கேடயம் ஆர்.எச். லைனுக்கு. கேக்கும் அவர்களுக்கு. லைன் லீடர் செல்லக்கனி கேக்குக்கு ஆள் தேடியபோது நான் சுபஸ்ரீயின் நம்பரைக் கொடுத்தேன்.

இந்தக் கேக்கில் சுபஸ்ரீக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. தண்டலத்தில் கண்ணாடி வைத்த பெரிய கேக் கடை ஒன்று திறந்து, இரண்டு மாதமாக ஆர்டர் குறைந்துவிட்டது. சிவசங்கர் தன் கம்பெனியில் காண்ட்ராக்டரிடம் சொல்லி அவளுக்கு லைனில் ஓர் இடம் பிடித்துவிட்டான். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவளுக்கு விருப்பமில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எங்கள் கம்பெனியில் மாதாமாதம் பிறந்தநாள் கேக் வாங்குகிறார்கள். இந்தக் கேக்கைப் பார்த்துவிட்டு எச்.ஆர். மேடம் அந்த ஆர்டரைக் கொடுத்தால் சுபஸ்ரீ கேக்கே செய்யலாம். கொடுக்காவிட்டால் ஒன்றாம் தேதி கம்பெனி பஸ்.

"அண்ணா, வந்து பாருங்க. நீங்க ஓகே சொன்னாதான் டப்பாவ மூடுவேன்" என்று கூப்பிட்டாள்.

இறங்கினேன். கூடத்து மேசையில் கேக் இருந்தது. பெரிய கேக்குகளுக்கு அவளிடம் ஒரே ஒரு பலகைதான் உண்டு. கம்பெனியில் இயந்திரம் வந்த மரப்பெட்டியை உடைத்து சிவசங்கர் இழைத்துக் கொடுத்தது. அதன்மேல் வெள்ளைக் கேக். மேலே முன்விளக்கு, கிரீமால். கண்ணாடியின் பளபளப்பு, உள்ளே குமிழ், ஓரத்தில் மஞ்சள் இண்டிகேட்டர், எல்லாம் இருந்தது. கீழே நீல எழுத்தில், 'ஓர் ஆண்டு. ஒன்றும் மாறவில்லை.'

எங்கள் பரிசோதனை மேசையில் எங்களைப் பார்த்தபடி வைத்தால் வலது விளக்கின் வால் இடப்புறம் போகும். இதில் வலப்புறம் போனது.

மறுபடி பார்த்தேன். தினமும் நான் செய்கிற வேலை அது மட்டும்தான். தவறிருக்க வாய்ப்பில்லை.

"இன்னாண்ணா, பேசவே மாட்றீங்க. நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு. எல்.எச்."

"இன்னாது?"

"இது எல்.எச். விளக்கு. பக்கம் மாறியிருக்கு."

சுபஸ்ரீ சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு நான் விளையாடுகிற ஆள் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. போனை எடுத்து செல்லக்கனி அனுப்பிய படத்தைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்டிண்ணா? நா திருப்பித்தான போட்டேன்."

படம் போடுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். படத்தை அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, கீழே தெரியும் கோட்டைப் பார்த்து கிரீமால் வரைவாள். அதை ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, கேக்கின் மேல் கவிழ்த்து, பேப்பரை உரித்துவிடுவாள். கவிழ்த்தால் படம் பக்கம் மாறும் அல்லவா. அதற்காக அச்செடுத்த தாளை முதலிலேயே பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுத்தான் வரைவாள். மாறியது மறுபடி மாறிச் சரியாகிவிடும்.

சிவசங்கரை எழுப்பினார்கள். லுங்கியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஏங்க, ஜெராக்ஸ் கடையில படத்த எப்டி எடுத்தீங்க?"

"திருப்பித்தான் எடுத்தேன்."

"திருப்பியா?"

"நீ எப்பவும் திருப்பித்தான போடுவ. அவசரத்துல மறந்துடப் போறியேன்னு நானே கடையில சொல்லித் திருப்பி எடுத்தாந்தேன்."

"நா மறக்கல. நானும் திருப்பினேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தப்பு செய்தவர் யாரும் இல்லை. கேக் மட்டும் தப்பாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லத் தேவல?"

"சொல்றதுக்குள்ள நைட்டு பஸ்சு வந்துடுச்சி."

முனியம்மாள் கையில் கடலைமாவோடு எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இப்ப எழவு வூடு மாதிரி குந்தினு கீறீங்க? வெளக்கு நல்லாத்தான கீது. எந்தப் பக்கம் எரிஞ்சா இன்னா?"

"அத்த, அவங்க ஒரு வருசமா பக்கம் மாத்தலன்னுதான் இந்தக் கேக்கே."

முனியம்மாள் அதை யோசித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. கடலைமாவுக் கையால் வாயை மூடி, மூக்கெல்லாம் மஞ்சளாகிவிட்டது. "மாறவேயில்லன்னு எழுதி, அதும் மேல மாத்தி வெச்சிகீற. கேடயத்தப் புடுங்கினு வுட்டுடுவாங்கடி."

"எம்மா, நீ சும்மா இரு" என்றான் சிவசங்கர்.

"சும்மாதான்டா கீறேன்."

சுரண்டிவிட்டு வேறு வரையலாம். உறைவதற்கு மாலையாகிவிடும். கேக் இரண்டரைக்கு உள்ளே போக வேண்டும். ஒரு ஷிஃப்ட் முடிந்து இன்னொரு ஷிஃப்ட் தொடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் இருப்பார்கள். கையாலேயே நேரடியாக வரைவதும் நடக்காது. அந்த வெயிலில் கிரீம் கூம்பிலிருந்து மோராக வரும். சுபஸ்ரீ மேசை விளிம்பில் ஒட்டியிருந்த கிரீமை நகத்தால் சுரண்டினாள்.

"ஒண்ணாந்தேதி பஸ்சு எத்தினி மணிக்கு வரும்?" என்று சிவசங்கரைக் கேட்டாள்.

அவன் லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

"தம்பி" என்றார் முனியம்மாள் என்னைப் பார்த்து. "உங்க கம்பெனில இதுமாதிரி பக்கம் மாறி ஒண்ணு வந்துடுச்சின்னா இன்னா செய்வீங்க? தூக்கிக் கடாசிடுவீங்களா?"

"இல்லம்மா. கண்டுபிடிச்சவங்க அதைச் சிவப்புத் தொட்டியில போடுவாங்க. பூட்டு இருக்கும். சிவப்புச் சீட்டு ஒண்ணு கட்டுவோம். வெளிய போகாது."

"அதுக்குத் திட்டு வாங்குவாங்களா?"

"கண்டுபிடிச்சா திட்டு இல்ல. கை தட்டுவாங்க. வெளிய போனாத்தான் திட்டு."

சுபஸ்ரீயின் நகம் நின்றது.

"அந்தத் தொட்டி எப்டிண்ணா இருக்கும்?"

சொன்னேன். சதுரம். மேலே வாய் கொஞ்சம் சாய்வாக. முன்னால் தொங்கும் பூட்டு.

"சிவப்புன்னா எந்தச் சிவப்பு? குங்குமமா, தக்காளியா?"

"தீயணைப்பு வண்டி."

அவள் எழுந்தாள். "அத்த, கட்சிக்காரங்க கேக்குக்கு வாங்கின செவப்பு மிச்சம் கீதா பாருங்க. அலமாரில, மேல் தட்டுல. ஏங்க, நீங்க அந்தச் சக்கர மாவப் பிரிச்சி வைங்க."

சர்க்கரை மாவு என்பது கேக்கைப் போர்த்தும் வெள்ளைப் பிசின் மாதிரியான மாவு. அதில் சிவப்பு ஏற்றுவது கஷ்டம். கொஞ்சம் விட்டால் ரோஸ் நிறம்தான் வரும். இன்னும் விட்டால் இன்னும் ரோஸ். முனியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பிசைந்தார்.

"இன்னாடி இது, செவக்கவே மாட்டுது."

"அழுத்திப் பெசையுங்க அத்த."

"எங்கல்யாணத்துல மருதாணி வெச்சப்பகூட இந்தக் கை இவ்ளோ செவக்கல. மாவுதான் வெளுத்துனு கீது."

பாதி மாவு, பாதி கைகள் என்று கடைசியில் சிவப்பு வந்தது. சுபஸ்ரீ அதைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, ஸ்கேல் வைத்து அறுத்தாள். விளக்கின் கீழ்ப்பாதியை மூடித் தொட்டி எழுந்தது. விளக்கின் வால் மட்டும் தொட்டியின் வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒரு முந்திரிப்பருப்பு பூட்டாயிற்று. கடைசியாகச் சின்னச் சீட்டு ஒன்று செய்தாள்.

"சீட்டுல இன்னாண்ணா எழுதுவீங்க?"

"என்ன குறை. யாரு பிடிச்சது."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். 'குறை: எல்.எச். பிடித்தது: ஆர்.எச். லைன்.'

நான் குனிந்து அதை எழுத்துவிடாமல் படித்தேன்.

"ஓகேவாண்ணா?"

"ஓகே. டப்பாவை மூடு."

முனியம்மாள் அந்தக் கையோடு போய் போண்டாவுக்கு மாவு கரைத்தார். கழுவினேன் என்றார். போண்டா லேசாக ரோஸாக வந்தது.

மாரியின் ஆம்னி வேன் வந்தது. மாரி அந்தத் தெருவில் எல்லாக் கேக்கையும் ஏற்றிப் போகிறவன். பின்சீட்டில் சிவசங்கர் கேக்கை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் சுபஸ்ரீ ஈரத்துண்டால் டப்பாவுக்கு விசிறினாள். போண்டா அண்டாவோடு நான் முன்னால். ஒரகடம் சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள்.

"சிவா, ஸ்பீடு பிரேக்கர் வருது. மூச்ச இஸ்துப் புடி."

"நா மூச்சு வுட்டு அஞ்சு நிமிசம் ஆவுது, நீ வண்டியப் பாத்து ஓட்டு."

"பொண்ணு அழச்சினு போற மாதிரி ஓட்டறேன்டா. போன வாரம் ஏத்துன மாப்ளகூட இவ்ளோ பிகு பண்ணல."

சுபஸ்ரீயின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் முனியம்மாள். "வண்டி மெயின் ரோட்ட தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு அத்த. ஏன்?"

"கருவாட எறக்கலாமான்னு கேட்டேன்."

கேட்டில் செக்யூரிட்டி கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் கத்திதான் உள்ளே போகலாம். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு யோசித்தார்.

"வெளக்கு வெளிய போறதுக்குத்தான் பாஸ் போடுவேன். உள்ள வர்றதுக்கு இன்னான்னு போடறது?"

"சாப்பாடுன்னு போடுங்க" என்றேன்.

சுபஸ்ரீயை மட்டும் உள்ளே விட்டார்கள். மஞ்சள் ஜாக்கெட், அவள் காலுக்கு மிகப் பெரிய சேஃப்டி ஷூ. தடக் தடக் என்று நடந்து வந்தாள். சிவசங்கரும் மாரியும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

இரண்டு லைனுக்கும் நடுவே மேசை போட்டிருந்தது. ஆர்.எச். லைன் முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். எல்.எச். லைன் பெண்கள் கைகட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள், ஜோதி தலைமையில். எச்.ஆர். ஸௌம்யா மேடம் வந்தார். நான் டப்பாவைத் திறந்தேன்.

செல்லக்கனி குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏட்டி மாடத்தி, இங்க வா. இது நம்ம பீஸ் இல்லலா?"

மாடத்தி எட்டிப் பார்த்தாள். "எல்.எச்.தான்க்கா."

எதிர்ப்பக்கம் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். "கேடயம் வலது, கேக்கு எடது" என்றாள் ஜோதி. "ஒரு வருசமா மாறலயாம். நல்லாவே கீது." சுபஸ்ரீ அந்தப் பெரிய ஷூவுக்குள் அசையாமல் நின்றாள். நெற்றியில் வியர்வை. துடைக்கவில்லை.

மாடத்தி மட்டும் இன்னும் குனிந்திருந்தாள். வாய்க்குள் எழுத்துக்கூட்டினாள்.

"ஏக்கா, சிரிக்காதீக. இது செவப்புத் தொட்டி."

"என்னட்டி சொல்லுத?"

"செவப்புத் தொட்டிக்குள்ளல்லா கெடக்கு. சீட்டு கட்டிருக்கு பாருங்க. பிடித்தது ஆர்.எச். லைன். நாமதான் பிடிச்சிருக்கோம்."

செல்லக்கனி மறுபடி பார்த்தாள். நிமிர்ந்து ஜோதியைப் பார்த்தாள். "ஏ ஜோதி. ஒங்க பீஸ எங்க பக்கம் அனுப்பிட்டு நீங்களே சிரிக்கியளா? பிடிச்சுப் போட்டுட்டோம். வந்து எடுத்துட்டுப் போங்க."

அதன்பிறகு எழுந்த சத்தத்தில் சைரன் அடித்ததே கேட்கவில்லை. ஜோதியும் சிரித்தாள், வேறு வழியில்லை. மாடத்தி முந்திரிப் பூட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஸௌம்யா மேடம் சுபஸ்ரீயிடம் வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருக்காரர். அவர் முதலில் கேட்டது முட்டை பற்றி. "எக்லெஸ்தானே?"

"ஆமா மேடம். தனி பாத்திரம்."

"இந்தத் தொட்டி யோசனை யாரோடது? ரொம்ப நன்னா இருக்கு. முன்னாடியே பிளான் பண்ணினதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். செல்லக்கனியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்ல மேடம்" என்றாள் சுபஸ்ரீ. "நெசமாவே பக்கம் மாறிப் போச்சு. இந்த அண்ணன் பாத்துட்டாரு. அப்பறம் இன்னா பண்றதுன்னு தெரியாம தொட்டில போட்டுட்டேன்."

ஸௌம்யா மேடம் அவளைப் பார்த்தார். பிறகு லைனைப் பார்த்தார். "இங்க யாரும் இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்க மாட்டா" என்றார். தட்டிலிருந்து போண்டாவை எடுத்தார். "இது ஏன் ரோஸா இருக்கு?"

"அது எங்க அத்தையோட கை மேடம்."

அவர் சிரித்துக்கொண்டே கடித்தார். "மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, இருபது கிலோ, எக்லெஸ். முடியுமா?"

சுபஸ்ரீ தலையாட்டினாள். அதற்குள் ஜோதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றாம் தேதி மகளுக்குப் பிறந்தநாளாம். பொம்மைக் கேக் வேண்டுமாம். "பொம்மைக்கு ரெண்டு கையும் கரெக்டா வெக்கணும், தெரியுதா" என்றாள்.

இப்போது அந்தக் கதை பென்னலூர் டீக்கடைவரை போய்விட்டது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்த சிவசங்கர்தான் உள்ளே நடந்ததைச் சொல்கிறான். சுபஸ்ரீ மேடத்தின் கண்ணைப் பார்த்து, 'தப்பு வரலாம் மேடம், வாசலைத் தாண்டக் கூடாது' என்று சொன்னாளாம். மொத்த வேலைக்கூடமும் எழுந்து நின்றதாம். எங்கள் வேலைக்கூடத்தில் நாற்காலியே கிடையாது. மாரி சொல்லும்போது கார் கம்பெனிக்காரனும் வந்துவிடுகிறான். முனியம்மாள் கருவாடு வறுத்துக்கொண்டே, தொட்டி தன்னுடைய யோசனை என்கிறார். அதில் பாதி உண்மை.

கவிப்பிரியா விஷயத்திலும் இப்படித்தான். மகள் கடைசியாக, 'அவரைப் பாத்துக்கங்க' என்று சொன்னதாக என் மாமியார் எல்லோரிடமும் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவள் சார்ஜர் கொண்டுவந்தாயா என்று கேட்டாள். நான் யாரையும் திருத்தவில்லை.

இதையாவது நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சுபஸ்ரீ கேட்டில் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். வேனில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு ஷிஃப்ட் தொடங்கிவிட்டது, திரும்பி நடந்தேன். வண்டி நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பலகைய மறக்காம எடுத்தாந்துடுங்க. ஒண்ணாந்தேதி கேக்கு அதுலதான் வெக்கணும்."